ஏழாம் அடுக்கில் கிடைத்தது

பிர்னோ
9 நவம்பர் 1987

ஹெட்விகாவுக்கு,

நேற்று நீ போனை வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. கீழ்வீட்டு அம்மாளின் கூடத்தில் நின்று அவள் போனில் பேசுகிறவள் நான். அவள் உருளைக்கிழங்கு சீவுவதுபோல் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் போடு, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

போனில் நான் உளறியிருப்பேன். முறையாகச் சொல்கிறேன். போன வருஷம் ஆகஸ்டில் ஓபாவாவில், மீன் சந்தைக்குப் பின்னால் நீயும் உன் அண்ணன் விலெமும் தோண்டிய அந்தப் பழைய கழிப்பறைக் குழியின் மண் பைகள் இத்தனை நாளாக எங்கள் ஆய்வுக்கூட நிலவறையில் கிடந்தன. விலெம் இருந்தவரை எனக்கு ஆஸ்பத்திரியே கதி. மார்ச்சில் அவர் போன பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை. பைகளில் கட்டியிருந்த சீட்டுகளில் அவர் கையெழுத்து இருந்தது, அதுதான் காரணம். போன மாதம்தான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு முதல் பையைத் தண்ணீரில் கரைத்தேன்.

வழக்கமானவை எல்லாம் வந்தன. அத்தி விதை, திராட்சைக் கொட்டை, காட்டு ஸ்ட்ராபெரி, தினை உமி, வெள்ளரி விதை. அறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வீட்டுக்காரர்கள் தின்றது அத்தனையும் சல்லடையில் தங்கியது. பிறகு ஏழாம் அடுக்கின் பை. குழியின் அடிமண். அதில் மிளகு, இரண்டாகப் பிளந்தது. பக்கத்திலேயே ஓர் ஏலக்காய் விதை. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் ஹெட்விகா. அரண்மனையும் இல்லை, பிஷப் வீடும் இல்லை, துணி விற்ற ஒருவனின் கொல்லைக் குழி. அதில் இந்தியாவிலிருந்து கப்பலேறி, வெனிஸ் வந்து, மலை தாண்டி வந்த சரக்கு. விலெமைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று வாய் திறந்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

அதே தட்டில் இன்னொன்றும் இருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டை, பழுப்பு நிறம், தோல் பாதி உரிந்திருந்தது. நம் சூப்பில் மிதக்கிற புதுமசாலாக் காய் போலவே இருக்கிறது. எனக்குத் தெரிந்து வேறெதுவும் அப்படி இல்லை. அமெரிக்காவைக் கண்டுபிடித்த பிறகு வந்ததால்தானே அதற்குப் புதுமசாலா என்று பேர். கொலம்பஸுக்கு நூற்றைம்பது வருஷம் முன்னால் மூடிப்போன குழியின் அடியில் அது எப்படி வரும்?

மேலே இரண்டாம் அடுக்கு இருக்கிறது. அது பிற்காலத்து மண், அதில் புதுமசாலா இருந்தால் ஆச்சரியம் இல்லை. சீட்டு மாறியிருந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் அப்போது மிளகும் ஏலக்காயும்கூடப் பிற்காலத்தவை ஆகிவிடும். அந்தப் பிற்காலத்தில் எல்லார் வீட்டிலும் மிளகு இருந்தது. உன் குழி மற்ற எல்லாக் குழிகளையும் போல ஒன்றாகிவிடும்.

அதனால் கேட்கிறேன், கோபப்படாதே. ஏழாம் அடுக்கை எடுத்த வாரம் நீ அவர் கூடவே இருந்தாயா? பை கட்டும்போது பார்த்தாயா? அவர் எப்படி இருந்தார்? களைப்பாக, மறதியாக ஏதாவது? அந்த வாரம் அவர் எப்படி இருந்தார் என்று மட்டுமாவது எழுது.

ரூஷெனா


ஓபாவா
17 நவம்பர் 1987

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை.

நான் போனை வைத்ததற்குக் காரணம் சொல்கிறேன். நீங்கள் எடுத்த எடுப்பில் சொன்னது, "விலெம் எங்கியோ தப்பு பண்ணிட்டாரோன்னு தோணுது." எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. அண்ணனைப் புதைத்த பிறகு நாம் பேசிய முதல் பேச்சு அது.

அந்தக் குழிக்குள் இறங்கியவன் அவன் ஒருவன்தான். நான் மேலே நின்று வாளி இழுத்தேன். ஒரு பை நிரம்பினால் சீட்டு எழுதி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்து, முடிச்சுப் போட்டு மேலே அனுப்பிவிட்டுத்தான் அடுத்த பையைக் கையில் எடுப்பான். இரண்டாம் அடுக்கை எடுத்த அன்று ஏழாம் அடுக்கு இன்னும் கண்ணிலேயே படவில்லை. நடுவில் ஒரு முழம் தடிமனுக்குக் களிமண், அதன்கீழ் ஓக் மரப் பலகைகள். பழைய குழியை மூடிவிட்டு மேலே புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். எலிகூட அதைத் தாண்டிப் போயிருக்க முடியாது. அடியில் கிடைத்த பானை ஓடுகளைப் பார்த்துவிட்டு, எதிலும் ஒத்துப்போகாத எங்கள் அருங்காட்சியகத்து ஆட்கள்கூடக் காலத்தில் ஒத்துப்போனார்கள்.

அப்புறம் உங்கள் மேஜை. அதையும் எனக்குத் தெரியும். மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் மதியச் சாப்பாட்டு டப்பா, ஊறுகாய் வெள்ளரி பாட்டில். அந்தப் பாட்டிலின் அடியில் என்ன உருண்டுகொண்டிருக்கும்? அதே புதுமசாலா. அண்ணனின் கையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் உங்கள் முட்கரண்டியைச் சந்தேகப்படுங்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று. பக்கத்திலேயே இன்னொரு குழி இருக்கிறது, அதே வீட்டினுடையது. அதன்மேல் வணிக வளாகம் வரப்போகிறது. வசந்தத்தில் கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள். பிராகிலிருந்து வருகிற குழு ஒப்புக்கொண்டால் மட்டும் கட்டட வேலையை ஒரு பருவம் தள்ளிவைப்பார்கள். குழு கூடுவது கிறிஸ்துமஸ் முடிந்ததும். அதற்கு என்னிடம் இருப்பது அண்ணனின் ஏழாம் அடுக்கு மட்டும்தான். அறிக்கையின் அட்டையில் அவன் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்டில் அண்ணன் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் நீங்கள் ஏன் இப்படிக் கேட்கிறீர்கள்? மண்ணைப் பற்றி ஒரு தடவை கேட்டால் அவன் எப்படி இருந்தான் என்று இரண்டு தடவை கேட்கிறீர்கள். மறதி இருந்ததா என்று கேட்கும்போது இருந்தது என்று நான் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரிகிறதா?

ஹெட்விகா


பிர்னோ
28 நவம்பர் 1987

ஹெட்விகாவுக்கு,

முதலில் முட்கரண்டி. நீ சொன்னது நியாயம்தான், மேஜையைத் துடைத்து ஊறுகாயை வெளியேற்றிவிட்டேன். ஏழாம் அடுக்குப் பையில் பாதி மண்ணை நான் இன்னும் கரைக்காமல் வைத்திருந்தேன். அதை வேறு அறையில், புதுச் சல்லடையில் கரைத்தேன். அதே உருண்டை இன்னும் இரண்டு வந்தது. கூடவே மிளகும். அதனால் அது என் சாப்பாட்டிலிருந்து வரவில்லை. பையோடு வந்ததுதான்.

உன் கடைசிக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் எழுதவில்லை. எழுதி எழுதி அடுப்பில் போட்டேன். இதையும் போடுவதற்குள் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விலெம் ஓபாவாவிலிருந்து வீட்டுக்கு வந்தார், துணி மாற்றிக்கொண்டு போக. மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல ஏதோ பேசிக்கொண்டிருந்தேன், அடுத்த வருஷம் குளியலறைக்கு ஓடு மாற்றுவது பற்றி என்று நினைக்கிறேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்:

"இத்தன வருஷம் ஒரே வீட்டுல இருந்துட்டோம். நீ யாருன்னே எனக்குத் தெரியல."

குரலை உயர்த்தவில்லை. விளையாட்டா என்று பார்த்தேன். முகத்தில் அது இல்லை. என்ன சொல்றீங்க என்று கேட்டேன். "நான் ஹெட்விகா வீட்டுக்குப் போறேன். இனிமே இங்க வரமாட்டேன்" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பின்னால் ஓடவில்லை. எனக்கும் ரோஷம் இருந்தது. கோபம் தணிந்து வரட்டும் என்று இருந்துவிட்டேன். அக்டோபரில் பஸ் நிறுத்தத்தில் விழுந்தார் என்று உன்னிடமிருந்துதான் செய்தி வந்தது. தலைக்குள் கட்டி என்றார்கள். அதற்குப் பிறகு அவர் பேச்சு பேச்சாக இல்லை. உனக்கே தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பார், ஆனால் நர்ஸின் கையையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டார்.

நான் என்ன கேட்கிறேன் என்று இப்போது புரிகிறதா? அந்த ஞாயிறு பேசியது யார்? நீ யாரென்று தெரியவில்லை என்பது மனசு விட்டுப்போன ஒருவர் சொல்கிற சொல்லா, அல்லது உண்மையிலேயே எதிரில் இருப்பவளை அடையாளம் தெரியாமல் போன ஒருவர் சொன்னதா? அந்த ஞாயிற்றுக்கு அடுத்த வாரம்தான் அவர் ஏழாம் அடுக்கை எடுத்தார். சீட்டில் தேதி இருக்கிறது. அந்தப் பையில் தப்பு இருந்தால் அவர் அப்போதே நோயில் இருந்தார் என்று ஆகும். அப்போது அந்த ஞாயிறு பேசியது அவரில்லை, நோய்.

சீட்டு தப்பாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்கே நம்பிக்கை இல்லை. இந்த நிலையில் நான் அந்த விதையைப் பற்றி என்ன சொன்னாலும் நீ நம்பலாமா என்பதும் தெரியவில்லை.

ரூஷெனா


ஓபாவா
5 டிசம்பர் 1987

அன்புள்ள அண்ணி,

நாளை புனித நிக்கோலஸ் திருநாள். தெருவில் பிசாசு வேஷம் போட்டவர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். குழந்தைகள் பயந்து கத்துகின்றன. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் ஒழுங்காக எதையும் செய்யவில்லை.

இது எதுவும் எனக்குத் தெரியாது. வீட்டில் குளியலறையை இடித்துப் போட்டிருக்கிறோம், வேலை முடியும்வரை இங்கே இருக்கிறேன் என்றுதான் அண்ணன் என்னிடம் சொன்னான். என் சோபாவில் படுத்துக்கொண்டான். அண்ணி ஏன் போனே பண்ணவில்லை என்று ஒருநாள் கேட்டேன். தூசிக்கு நடுவில் அவளுக்கு நேரம் எங்கே என்றான். நம்பிவிட்டேன். நம்பாமல் இருக்க என்ன காரணம்?

அவன் நன்றாகத்தான் இருந்தான் என்று உங்களுக்கு எழுதினேன். எழுதும்போது அது உண்மை. இப்போது அந்த வாரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வேறு மாதிரி தெரிகிறது. என் பூனையை அவன் ஒலிவர் என்று கூப்பிட்டான். ஒலிவர் நாங்கள் சின்னதாக இருந்தபோது வீட்டில் இருந்த நாய். அப்போது சிரித்தோம். சாயங்காலம் தளத்திலிருந்து என் வீட்டுக்கு வர நேர்வழி இருக்கும்போது எங்கள் பழைய வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு வருவான். காற்று வாங்குகிறான் என்று நினைத்தேன். வழி மறந்து கால் பழகிய இடத்துக்குப் போனானோ? ஆனால் அதே வாரம்தான் பலகையின் வயதைப் பற்றி எங்கள் தலைவரோடு ஒரு மணி நேரம் வாதாடி, அவர் வாயை அடைத்தான். பேச்சில் ஒரு சொல் தடுமாறவில்லை. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

இரண்டும் அவன்தான். ஒன்றை வைத்து மற்றதை எப்படி அழிப்பது?

குழிச் சுவரின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் களிமண் அடுக்கு முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் தெரிந்தது. நேற்று பார்த்தபோது இடது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. வேரா, எலி வளையா, பிலிமில் விழுந்த கீறலா, சொல்ல முடியவில்லை. எலிகூடத் தாண்டாது என்று உங்களிடம் எவ்வளவு திமிராக எழுதினேன். குழி இப்போது இல்லை, அண்ணி. தோண்டினால் அது போய்விடுகிறது. போய்ப் பார்க்க எதுவும் மிச்சமில்லை.

யோசித்து ஒன்று எழுதுகிறேன். அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏழாம் அடுக்கின் பை கலந்துபோய்விட்டது, தோண்டியவருக்கு அப்போதே உடல்நலம் சரியில்லை, முடிவுகளை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு பாரா. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இரண்டாம் குழி போனால் போகட்டும். துணி வியாபாரி மிளகு தின்றானா இல்லையா என்று தெரியாமல் இந்த நாடு இத்தனை காலம் இருந்ததுதானே. நீங்கள் நிம்மதியாகத் தூங்கினால் போதும்.

ஒரு வரி எழுதுங்கள், செய்துவிடுகிறேன்.

ஹெட்விகா


பிர்னோ
19 டிசம்பர் 1987

அன்புள்ள ஹெட்விகா,

அறிக்கையைத் தொடாதே. ஏன் என்று சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

உன் கடிதம் வந்த அன்று சம்மதம் என்று எழுத பேனாவை எடுத்தேன். மறைக்க மாட்டேன். எழுதுவதற்கு முன்னால் அந்த உருண்டையை ஒரு தடவை, ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. மூன்றில் ஒன்றைப் பிளேடால் குறுக்கே வெட்டினேன். சமையலறையிலிருந்து நிஜமான புதுமசாலா ஒன்றைக் கொண்டுபோய் அதையும் வெட்டினேன். புதுமசாலாவுக்குள் இரண்டு அறை, இரண்டு விதை. தலையில் சின்னக் கிரீடம் மாதிரி ஒரு விளிம்பு. உன் குழியில் வந்ததற்குள் ஒரே அறை, ஒரே விதை. கிரீடம் இல்லை. தோலில் வலை போலச் சுருக்கம். அடியில், காம்பு இருக்கும் இடத்தில், ஒடிந்த ஒரு முளை.

புதுமசாலா இல்லை. சரி. அப்படியானால் என்ன? மிளகு என்றால் அந்த அளவு ஒத்துவரவில்லை, மிளகுக்குக் காம்பும் ஒட்டியிராது. எங்கள் மாதிரிப் பெட்டிகள் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தேன். ஜூனிப்பர் பழமா என்று பார்த்தேன், அதற்குள் மூன்று விதை இருக்கும். இரண்டு நாள் ஒன்றும் புரியாமல் சுற்றினேன். தப்பான பதில் கையில் இருந்தபோது இருந்த தெம்புகூட இப்போது இல்லை.

மருந்தியல் கட்டடத்தில் டாக்டர் மாலெக் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், ஆனால் பழைய மருந்துச் சாடிகளைத் துடைக்கிறேன் என்று தினமும் வந்து உட்கார்ந்துகொள்வார். பேசத் துணை கிடைத்தால் விடமாட்டார் என்று எல்லாரும் அவர் அறைக்கு எதிர்ப்பக்கமாக நடப்பார்கள். நானும்தான். வேறு வழியில்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கும் தெரியவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுக் கொத்தமல்லி என்றார், பிறகு இல்லை என்றார், பிறகு தன் மனைவியின் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார். நான் அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாடிகளில் எல்லாம் லத்தீன் பேர். கீழ்த்தட்டில் ஒன்றில் கறுப்பு உருண்டைகள், ஒவ்வொன்றுக்கும் நேராக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வால். அது என்ன என்று கேட்டேன்.

"அதுவா, வால்மிளகு. மூத்திரக் கடுப்புக்குக் குடுத்திட்டிருந்தோம். யுத்தம் முடிஞ்சதும் யாரும் கேட்டு வரலம்மா. தூக்கிப் போடவும் மனசு வரல."

ஒன்று கேட்டு வாங்கி, வாலை ஒடித்து, தண்ணீரில் ஊறவைத்து, வெட்டி, உன் குழியில் வந்ததன் பக்கத்தில் வைத்தேன். ஒரே அறை. ஒரே விதை. அதே வலைச் சுருக்கம். ஒடிந்த இடத்தில் அதே முளை. ஜாவாத் தீவில் விளைவது. அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் இறைச்சியில் போட்டார்கள் என்று புத்தகங்களில் இருக்கிறது. பிறகு நம் பக்கத்து அடுப்படிகளில் அது அற்றுப்போய்விட்டது. எந்தச் சமையலறையிலும் இல்லாததால் எங்கள் மாதிரிப் பெட்டியிலும் இல்லை. நான் பார்த்தே இராத ஒன்றை, தினமும் பார்க்கிற ஒன்றாக நினைத்துக்கொண்டேன்.

அதனால் ஏழாம் அடுக்கு ஏழாம் அடுக்குதான். சீட்டு சரி. வால்மிளகும் மிளகும் ஏலக்காயும் ஒரே பையில், ஒரே காலத்தில். உன் துணி வியாபாரி நாம் நினைத்ததைவிடப் பெரிய கை. குழுவிடம் தைரியமாகச் சொல். வெட்டியதன் படங்களையும் என் கையெழுத்திட்ட குறிப்பையும் இதோடு வைத்திருக்கிறேன்.

விலெம் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒவ்வொரு பையும் ஒவ்வொரு சீட்டும் சரி. தெளிவாக இருந்திருக்கிறார்.

அப்படியானால் அந்த ஞாயிறும் தெளிவாகத்தான் இருந்திருக்கிறார்.

நான் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. முப்பது வருஷ வேலையில் இது போல ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. மாலெக் கை குலுக்கினார். நான் டிராமில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டேன்.

ரூஷெனா


ஓபாவா
10 ஜனவரி 1988

அன்புள்ள அண்ணி,

குழு நேற்று வந்து போனது. இரண்டாம் குழியைத் தோண்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வால்மிளகைப் பார்த்ததும் அவர்களில் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஓபாவாக்காரனுக்கு இதெல்லாம் யாரு கொண்டாந்து குடுத்தது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாததால்தான் தோண்ட வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் போன பிறகு எனக்குச் சந்தோஷம் வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. உங்களிடமிருந்து பிடுங்கியதை நான் தின்பதுபோல. நான் கேட்டபடி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் உங்கள் ஆசைப்படி முடிந்திருக்கும். நீங்கள் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

இன்னொன்று. உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். இங்கே நரம்பு மருத்துவர் ஒருவரைத் தெரியும். பேர் சொல்லாமல் கேட்டேன்: ஒருவர் வேலையில் துளி பிசகாமல் இருந்துகொண்டே வீட்டில் ஆளை அடையாளம் தெரியாமல் போகலாமா? போகலாம் என்றார். பழகிய கை கடைசிவரை பழகியதைச் செய்யும், முகங்கள் முதலில் போகலாம் என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உடனே அவரே, அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்றார். கட்டி எப்போது வளர ஆரம்பித்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாதாம். ஆரோக்கியமாக இருக்கிறவர்களும் மனைவியிடம் அப்படிச் சொல்வதுண்டு என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவரை அடிக்கலாம் போல இருந்தது.

அதனால் அண்ணி, பை சரியாக இருந்ததால் அவன் தெளிவாக இருந்தான் என்று நீங்கள் போட்ட கணக்கு நிற்காது. தப்பாக இருந்திருந்தாலும் உங்கள் மற்றக் கணக்கு நின்றிருக்காது. நாம் இரண்டு பேரும் அந்த மண்ணை வைத்துக்கொண்டு வேறெதற்கோ சண்டை போட்டிருக்கிறோம். இது ஆறுதலா என்றால், இல்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒரு காரியமான கேள்வி. அறிக்கை அச்சுக்குப் போகிறது. விதைகளை ஆராய்ந்தவர் என்று உங்கள் பெயரை அண்ணன் பெயருக்குக் கீழே போட வேண்டும். நீங்கள் இப்போது அலுவலகத்தில் கல்யாணத்துக்கு முந்தைய பெயரைப் போட ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஷெபெஸ்டோவா என்றே போடவா, இல்லை எங்கள் வீட்டுப் பெயரில் கலினோவா என்றா? நீங்கள் எது சொன்னாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஹெட்விகா


பிர்னோ
18 ஜனவரி 1988

அன்புள்ள ஹெட்விகா,

நீ கேள்விப்பட்டது சரி. கோடையிலிருந்து அந்தப் பெயரைத்தான் போடுகிறேன். வாசல் பலகைக்கும் எழுதி வாங்கிவிட்டேன். இன்னும் மாட்டவில்லை. ஆணி அடிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

உன் மருத்துவர் சொன்னதில் முதல் பாதியை ஒரு நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் இரண்டாம் பாதி என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் வேலை இருந்தது. இலையுதிர் காலம் முழுக்க நான் ஒரு விதையிடம் என் புருஷனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குத் தெரிந்ததை அது சொல்லிவிட்டது. எங்கிருந்து வந்தது, எந்த அடுக்கில் கிடந்தது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

மாலெக்கிடம் போய் மிச்சமிருந்த வால்மிளகில் ஒரு பிடி வாங்கி வந்தேன். நேற்று மாட்டிறைச்சியில் இடித்துப் போட்டேன். நன்றாக இல்லை. மருந்து நெடி. அந்தத் துணி வியாபாரி இதில் என்ன கண்டான் என்று தெரியவில்லை. ஆனாலும் தட்டைக் காலி செய்தேன்.

பெயர் விஷயம். அவர் அந்த ஞாயிறு தெளிந்த புத்தியோடு சொன்னார் என்றே வைத்துக்கொள்கிறேன், ஒரு பேச்சுக்கு. அப்படியென்றால் அதற்கு முன்னால் அத்தனை வருஷமும் ஒவ்வொரு சாயங்காலமும் வேறெங்கும் போகாமல் அந்த வீட்டுக்கு வந்தாரே, அதுவும் தெளிந்த புத்தியோடுதான். ஒரு மதியத்தை நம்பினால் மற்றதையும் நம்பத்தான் வேண்டும். எனக்கு வலிக்கிறதை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட என்னால் ஆகவில்லை. இது சரியான யோசனையா என்று தெரியாது. நாளைக்கு மாறினாலும் மாறும். அச்சு ஏறிவிட்டால் மாற்ற முடியாதே, அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

ரூஷெனா கலினோவா என்று போடு.

அடுத்த திங்கள்கிழமை மதிய வண்டியில் வருகிறேன். குழிக்காக இல்லை, மண் இன்னும் உறைந்து கிடக்கும் என்று எனக்கும் தெரியும். நீ ஸ்டேஷனுக்கு வா. உன் அண்ணன் படுத்திருந்த அந்தச் சோபாவில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன்.

அண்ணி